பட்டா இல்லாதவரின் இழப்பு யார் கணக்கில்? கல்வராயன் மலையில் சந்திக்கும் மூன்று போராட்டங்கள்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வட தமிழகத்தை நீரில் மூழ்கடித்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையாற்றில் நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த நெற்பயிருக்கு எக்டேர் ஒன்றுக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம். இரண்டு எக்டேர் நெல்வயல் வைத்திருப்பவருக்குப் பயிர் இழப்பீடாக 34,000 ரூபாய் கிடைக்கும். அது போதாது என்பதும், அவரது இழப்பு அதைவிடப் பெரிது என்பதும் உண்மை. ஆனால், அதே வயலில் நாற்று நட்டவர், களை பறித்தவர், அறுவடைக் கூலியை நம்பியிருந்தவர் ஆகியோரின் இழப்புக்கு இந்தப் பட்டியலில் தலைப்பே இல்லை. அவருடைய குடும்பத்துக்கு 2,000 ரூபாய். பயிர் அழிந்ததால் அவர் இழந்த வேலைநாட்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில்தான் புயலின் சேதமும் எழுதப்படுகிறது.

நிலவுரிமைக்கான போராட்டம், உணவுரிமைக்கான போராட்டம், பருவநிலை நீதிக்கான போராட்டம் ஆகியன மூன்று வெவ்வேறு இயக்கங்களாகவே நம்மிடையே பேசப்படுகின்றன. ஒன்று வருவாய்த் துறையிடம் மனுக் கொடுக்கிறது. மற்றொன்று உணவுத் துறையிடம். இன்னொன்று சுற்றுச்சூழல் துறையிடம். ஆனால் மூன்று மனுக்களுக்கும் உரிய குறை ஒரே வீட்டில்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் காலனிகளிலும், அதற்கு மேலே எழும் கல்வராயன் மலையின் சிற்றூர்களிலும் இந்த மூன்றும் எவ்வாறு ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

மலையின் நிலம்: ஜாகீரிலிருந்து வனத்துறைக்கு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம், திருவண்ணாமலை, தர்மபுரி ஆகிய மாவட்டங்களின் எல்லைகள் இம்மலைகளில் சந்திக்கின்றன. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் இங்கே பிறந்து, சமவெளியின் வயல்களுக்கு நீர் கொடுத்து, வெள்ளாற்றின் வழியே கடலைச் சேர்கின்றன. மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர்.

நாட்டின் பிற பகுதிகளில் ஜமீன்தாரி முறை ஒழிந்துகொண்டிருந்தபோதும், இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நிலம் அவர்களுடையது, உழைப்பு மக்களுடையது. 1963-ஆம் ஆண்டின் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் வழக்குகள் நீண்டன. 1976-இல்தான் ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. விடுதலை பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழித்து!

ஜாகீர் போனபின் நிலம் உழுதவர் கைக்கு வந்ததா என்றால், முழுமையாக இல்லை. பெரும் பரப்பு காப்புக்காடாக வரையறுக்கப்பட்டது. தலைமுறைகளாக உழுதுவந்த கொல்லை, வனத்துறையின் வரைபடத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல்லுக்குள் போயிற்று. அந்தச் சொல்லின் விளைவு என்னவாக இருக்கும் என்பதற்கு அண்டையிலுள்ள சித்தேரி மலையடிவாரமே சான்று. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில், சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்து நடத்திய வன்கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாயினர். 19 ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், உயிரோடிருந்த 215 குற்றவாளிகள் அனைவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டின் மீது யாருக்கு உரிமை என்ற வினாவும், பழங்குடிப் பெண்ணின் உடல் பாதுகாப்பும் தனித்தனி வினாக்கள் அல்ல என்பதை வாச்சாத்தி நமக்கு உணர்த்தியது.

இந்த வரலாற்று அநீதியைத் திருத்துவதற்காகவே 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதுவரும் வன நிலத்துக்கு, குடும்பத்துக்கு 4 எக்டேர் வரை, தனியுரிமை கோரலாம். உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக வழங்கப்பட வேண்டும். புளி, கடுக்காய், தேன் போன்ற சிறு வன விளைபொருட்களின் மீது மக்களுக்கு உடைமையுரிமை உண்டு. காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்குச் சமூக வன வள உரிமை உண்டு. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. ஆவணம் இல்லையென்றால், ஊர்ப் பெரியவர்களின் எழுத்துமூல வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், தமிழகத்தில் அது முடங்கியே கிடந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எட்டு ஆண்டுகள் வீணாயின. மேலும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் பத்து மாநிலங்களில் அறிவிக்கப்பட்டிருந்தும், தமிழகத்தில் ஒரு மலைகூட அப்பட்டியலில் இல்லை. எனவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் இங்கே செல்லுபடியாகாது. பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கும் அரண் அந்த அளவுக்கு இங்கே பலவீனமானது.

இதில் தலித்துகளுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு கூறும் உண்டு. வனத்தையும் வன ஓரத்தையும் சார்ந்து வாழும் பட்டியல் சாதியினரை இச்சட்டம் ‘இதர பாரம்பரிய வனவாசிகள்’ என்னும் பிரிவில் வைக்கிறது. அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்து திட்டமிட்டே விலக்கி வைக்கப்பட்ட மக்களிடம் 75 ஆண்டு ஆவணம் கேட்பது, உரிமையைக் கொடுத்துக் கொண்டே பறிப்பதற்கு ஒப்பாகும்.

சமவெளியின் நிலம்: பஞ்சமியும் அரைப்படி நெல்லும்

மலையிலிருந்து இறங்கினால் காட்சி மாறுகிறது, கதை மாறுவதில்லை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழக மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்டத்தில் இது சுமார் 29 விழுக்காடு. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் இம்மண்ணில் உழைப்பின் பெரும்பங்கு அவர்களுடையது. நிலத்தில் அவர்களுக்குரிய பங்கு அதற்கு ஈடாக இல்லை.

நிலமின்மை இயற்கையாக நேர்ந்ததன்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை, தீண்டப்படாதோரின் வறுமைக்கு வேர் நிலமின்மையே என்று காட்டியது. அதன் விளைவாக 1892-இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அதை மீட்கக் கேட்டபோது கிடைத்தது என்ன? 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

நிலமும் உணவும் ஒன்றே என்பதற்கு நம் வரலாற்றில் அழியாத சாட்சியம் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 தலித்துகள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதற்கு முன் எழுந்த கோரிக்கை கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக வேண்டும் என்பது. நிலம் இல்லாதவர் கூலியை நெல்லாகக் கேட்டார், கேட்டதே குற்றமாயிற்று. அதன்பின் தஞ்சை மண்ணில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் தொடங்கிய லாஃப்டி அமைப்பு நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் பெற்றுத் தரும் வழியைத் தேர்ந்ததற்கும் இந்தப் புரிதலே அடிப்படை.

உணவு: சாமையிலிருந்து மரவள்ளிக்கு

கல்வராயனில் சாமையும் தினையும் கேழ்வரகும் மக்களின் உணவாக இருந்தவை. குறைந்த மழையிலும் விளைபவை. பல மாதங்கள் கெடாமல் சேமிக்கத் தக்கவை. இன்று மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி பெரும்பரப்பைப் பிடித்திருக்கிறது. கிழங்கு சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. விலையை ஆலையும் வணிகரும் தீர்மானிக்கின்றனர். பயிரிட்டவரின் அடுப்புக்கு அது நேரே போவதில்லை. கையில் காசு வேண்டும் என்ற நெருக்கடியில் உணவுப் பயிரைக் கைவிட்ட உழவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கிழங்கு விலை சரியும் ஆண்டில் அவர் வீட்டில் சாமையும் இராது, காசும் இராது.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது நியாயவிலைக் கடை அரிசி. தமிழகத்தின் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் பட்டினியைத் தடுத்து நிற்கும் பெரும் அரண். அதைக் குறைக்கும் எந்த முயற்சியையும் நாம் எதிர்த்தாக வேண்டும். ஆயினும் வயிறு நிறைவது வேறு, ஊட்டம் பெறுவது வேறு. 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டத்தை அரசு தொடங்கியது. இதையே கல்வராயனுக்கு விரித்து, சாமையையும் கேழ்வரகையும் மலை உழவரிடமே நேரடியாகக் கொள்முதல் செய்தால், உணவுத் திட்டமே நிலத்துக்கும் பாதுகாப்பாகும். ஆனால் கொள்முதல் நிலையத்தில் விற்கச் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். பட்டா இல்லாதவர் தாம் விளைவித்த தானியத்தைக்கூட அரசுக்கு விற்க முடியாது. உணவு இயக்கம் மீண்டும் நில இயக்கத்தின் வாசலில்தான் வந்து நிற்கிறது.

நிலமும் விளைச்சலும் கைகொடுக்காதபோது மக்கள் இடம்பெயர்கின்றனர். கேரள, கர்நாடக மலைத்தோட்டங்களுக்கும் திருப்பூரின் ஆலைகளுக்கும் போகின்றனர். இடைத்தரகர்களால் ஆந்திரக் காடுகளுக்கு மரம் வெட்ட அழைத்துச் செல்லப்படுவோரும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். செம்மரத்தின் விலையை நிர்ணயித்த கடத்தல் முதலாளிகள் எவரும் அந்தக் காட்டில் சுடப்படவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்ததும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியே. மெத்தனால் கலந்த சாராயத்தால் 65-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. நிகழ்வுக்குப் பின் பொதுவெளியின் விரல் கல்வராயன் மலையை நோக்கியே நீண்டது. ஆனால் உயிர்களைப் பறித்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள். அது எந்த மலைக் கொல்லையிலும் விளைவதன்று. அந்த ஜூலையில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, மலைமக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கெடுத்து, சாலையும் மருத்துவமும் வாழ்வாதாரமும் எங்கே என்று அரசைக் கேட்டது. சாராயத்தை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்கும் பார்வையிலிருந்து அது ஓர் அடி முன்னே சென்றது. மலையில் நிலமில்லாதவருக்கும் சமவெளியில் கூலி போதாதவருக்கும் இடையே ஒரு சாராய வணிகர் நின்று பணம் பண்ணுகிறார் என்பதே நாம் காண வேண்டிய உண்மை.

பருவநிலை: யார் மாசுபடுத்தினர், யார் நனைந்தனர்

வளிமண்டலத்தில் கரியை நிரப்பியதில் கல்வராயன் உழவருக்கும் கள்ளக்குறிச்சிக் காலனியின் கூலியாளருக்கும் உள்ள பங்கு அற்பமானது. விளைவில் அவர்கள் பங்கு அப்படியன்று. ஏனெனில் ஊரின் மேட்டை ஊர் எடுத்துக்கொண்டது. காலனிக்கு ஏரியின் வடிகாலும் ஆற்றின் கரையும் ஒதுக்கப்பட்டன. இந்த இட ஒதுக்கீட்டைச் செய்தது வானிலை அன்று, சாதி. எனவே வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவது எது என்பது மழை பெய்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. வெயிலும் இவ்வாறே. கரும்பு வெட்டும் வயலிலும் செங்கல் சூளையிலும் திறந்தவெளியில் நிற்பவருக்கு வெப்பம் என்பது வானிலை அறிக்கை அன்று, குறைந்துபோன கூலி.

பருவநிலையின் பெயரால் எடுக்கப்படும் தீர்வும் இரண்டாவது அடியாக விழக்கூடும். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. 2016-ஆம் ஆண்டின் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டமோ, எங்கோ அழிக்கப்பட்ட காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடப் பணம் ஒதுக்குகிறது. மரம் நடுவதை நாம் எதிர்க்கவில்லை. எந்த நிலத்தில், யாருடைய ஒப்புதலோடு என்பதே வினா. வன உரிமைக் கோரிக்கை நிலுவையில் இருக்கும் கொல்லையில் குழி தோண்டினால், அது பசுமையின் பெயரால் நடக்கும் வெளியேற்றம். 2019 பிப்ரவரி 13 அன்று, வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் பிப்ரவரி 28 அன்று அதைத் தானே நிறுத்திவைத்தது. அந்த வழக்கைத் தொடுத்தோரில் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகளும் இருந்தன என்பதைச் சுற்றுச்சூழல் நண்பர்கள் மறக்கக் கூடாது.

சேரும் இடமும் முரணும் இடமும்

மூன்று இயக்கங்களும் இயல்பாகவே நட்புடையவை என்று எண்ணுவது ஏமாற்றம் தரும். உழவர் இயக்கம் என்ற பெயரில் பேசுவது பெரும்பாலும் நிலவுடைமையாளரின் குரல். கொள்முதல் விலை உயர வேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கை, கூலி உயர வேண்டும் என்பது அதன் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. சுற்றுச்சூழல் இயக்கத்தின் ஒரு பகுதி காட்டை மனிதரற்ற இடமாகக் கற்பனை செய்கிறது. மலைமேல் சாதிப் படிநிலையே இல்லை என்று கருதவும் இடமில்லை. பழங்குடியினரும் தலித்துகளும் ஒன்றுபடுவது உழைத்துக் கட்ட வேண்டிய உறவு. இந்த முரண்களை மறைத்துக் கட்டும் ஒற்றுமை, நிவாரணப் பட்டியல் போலவே நிலமற்றவரை வெளியே நிறுத்தும்.

முரணைப் பேசித் தீர்த்த முன்மாதிரிகளும் இருக்கின்றன. பஞ்சாபில் கிராமப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகளின் குத்தகைக்கென ஒதுக்கப்பட்டிருந்தும், ஆதிக்க சாதியினர் பினாமிகளை வைத்து அதை ஏலம் எடுத்துவந்தனர். 2014-இல் உருவான ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி அப்பங்கை மீட்டுப் பல ஊர்களில் கூட்டாகப் பயிரிடச் செய்தது. மாட்டுக்குப் புல்லறுக்க அடுத்தவர் வரப்பில் இழிசொல் கேட்டு நின்ற பெண்களுக்குத் தங்கள் புல்லும் தங்கள் தானியமும் கிடைத்தன. குஜராத்தின் உனாவில் 2016-இல் கசையடிக்கு எதிராக எழுந்த தலித் எழுச்சி, செத்த மாட்டை அகற்ற மறுத்ததோடு நில்லாமல் ஐந்து ஏக்கர் நிலம் கேட்டது. சுயமரியாதைக்கு ஒரு பரப்பளவு உண்டு என்பதை அது நாட்டுக்குச் சொன்னது. உலக அளவில், 1996-இல் லா வியா காம்பெசினா முன்வைத்த ‘உணவு இறையாண்மை’ என்னும் கருத்தும் இதையே வேறு மொழியில் கேட்கிறது: எதை விளைவிப்பது, எதை உண்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் உழைப்பவரிடம் இருக்க வேண்டும். 2022-இல் எகிப்தில் நடந்த பருவநிலை மாநாடு, ஏழை நாடுகளின் இழப்புக்கும் சேதத்துக்கும் நிதி வேண்டும் என்று ஏற்றது. நாடுகளுக்கிடையே நீதியான இந்தக் கொள்கை, ஒரு நாட்டின் ஊருக்கும் காலனிக்கும் இடையே மட்டும் ஏன் பொருந்தாது?

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கல்வராயனின் ஒவ்வொரு சிற்றூரிலும் வன உரிமைக்கான கிராம சபை கூட்டப்பட்டு, தனியுரிமையோடு சமூக வன வள உரிமையும் வழங்கப்பட வேண்டும். அதுவரை நிலுவையிலுள்ள நிலத்தில் மரம் நடும் பணி எதுவும் கூடாது.

இரண்டாவது, பஞ்சமி நிலங்களின் ஊர்வாரிப் பட்டியல் சர்வே எண்ணோடு பொதுவில் வெளியிடப்பட வேண்டும். மீட்கப்படும் நிலம் பெண்கள் பெயரில் வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பேரிடர் நிவாரண விதிகளில் ‘வேலைநாள் இழப்பு’ என்னும் தலைப்பு சேர்க்கப்பட வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் உழுவோருக்கு, 1969-ஆம் ஆண்டின் குத்தகையுரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொடுத்து, பயிர் இழப்பீடு உழுதவர் கைக்கே சேரச் செய்ய வேண்டும்.

நான்காவது, மலையின் சிறுதானியத்தை உள்ளூர்க் கிராம சபைச் சான்றை ஏற்றுக் கொள்முதல் செய்து, அதே மலையின் நியாயவிலைக் கடைகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் வழங்க வேண்டும். புளிக்கும் கடுக்காய்க்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை காகிதத்தில் நில்லாமல் சந்தையில் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, வெள்ளம் புகும் காலனிகளுக்கு ஊருக்குள்ளேயே மேடான மனைப்பட்டா வழங்க வேண்டும். ஊருக்கு வெளியே, வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தொலைவில் கட்டப்படும் குடியிருப்பு மறுவாழ்வு ஆகாது.

இந்த ஐந்தில் எதையும் ஓர் இயக்கம் தனித்து வென்றெடுக்க இயலாது. கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் சமூக வன உரிமை இல்லை. அவ்வுரிமை இல்லாமல் சிறுதானியக் கொள்முதல் நடவாது. உழுபவரின் பெயர் பதிவேட்டில் ஏறாமல் அடுத்த புயலின் நிவாரணம் அவரை வந்தடையாது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த மழைக்கு முன் கூடும் கிராம சபையில், நிலம் கேட்பவரும் கூலி கேட்பவரும் காடு கேட்பவரும் ஒரே தீர்மானத்தில் கையொப்பமிடுவது நம்மால் இயன்ற முதல் வேலை.